களிம்பு டியூபும் நோஸ் பிளையரும்

தொடை இடுக்குக்கு வாங்கிய படைக் களிம்பை ஏறக்குறைய ஒரு வருஷம் முகத்தில் தடவிக்கொண்டு, நான் அழகாகி வருகிறேன் என்று நம்பியிருந்தேன். இதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹைதராபாத்தின் மே மாதத்தில், டெரிகாட்டன் பேன்ட் மாட்டிக்கொண்டு ஹப்சிகுடாவிலிருந்து காஞ்சன்பாக்கில் உள்ள எங்கள் ஆய்வகம் வரை ஸ்கூட்டரில் போய் வருகிறவனுக்கு எங்கே என்ன வரும் என்று விளக்க வேண்டியதில்லை. மருந்துக் கடையில் பெண்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தவில்லை. எல்லோருக்கும் இதைத்தான் கொடுக்கிறேன் என்று இந்தியில் உரக்கச் சொல்லி ஒரு டியூபை எடுத்து வைத்தார். அட்டையில் மூன்று மருந்துகளின் பெயர் போட்டிருந்தது. பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று. மூன்றாவது எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்கிற மாதிரி எடுத்துக்கொண்டேன்.

அரிப்பு சில நாளில் நின்றது. டியூபில் பாதிக்கு மேல் மிச்சம். எதையும் வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஒரு காலையில் சவரம் செய்து கன்னம் எரிந்தபோது அதையே கொஞ்சம் தடவினேன். இரண்டொரு நாளில் கன்னம் வழுவழுவென்று ஆனது. கொஞ்சம் வெளுத்த மாதிரியும் இருந்தது. பிறகு நெற்றி, பிறகு மூக்கு. ஆய்வகத்தில் ஒரு சக ஊழியர், யோகா செய்கிறேனா என்று விசாரித்தார். காலையில் வெந்நீர் குடிக்கிறேன் என்றேன். அவரும் குடிக்க ஆரம்பித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வெந்நீரில் அப்படி என்ன போடுகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு முறை கடையில் சரக்கு இல்லை. கொஞ்ச நாள் தடவாமல் இருந்தேன். முகம் பழி வாங்கியது. அடுப்பு முன்னால் நின்றால் எரிந்தது, வெயில் பட்டால் எரிந்தது, ஒன்றுமே படாவிட்டாலும் எரிந்தது. தலை நரைத்த பிறகு கல்லூரிப் பையனுக்கு வருகிற மாதிரி பருக்கள். களிம்பு கிடைத்துத் தடவினால் அடங்கும். விட்டால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். கடைசியில் ஹப்சிகுடாவிலேயே இருக்கும் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே என் முகத்தைப் பார்த்து, எந்த டியூப் என்று கேட்டார். ஏதோ சும்மா ஒரு கிரீம் என்றேன். அந்தச் சும்மாவைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

மூன்றாவது பெயர் ஸ்டீராய்டு. சரியான நோய்க்கு, சரியான அளவில், சரியான நாள் வரை போட்டால் அதைப் போல நல்ல மருந்து இல்லை. முகத்தில் தினமும் அலங்காரச் சாமானாகத் தடவினால் தோல் மெலிந்து அது இல்லாமல் இருக்க முடியாமல் போய்விடும் என்று அவர் சொன்னார். அவர் சொன்னதில் இரண்டாம் பாதி மட்டும் என் காதில் ஏறியது. முகம் பழைய நிலைக்கு வரப் பல மாதம் ஆயிற்று. பழைய நிலை ஒன்றும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு நான் குடியை விட்டவன் மாதிரி ஆனேன். அபார்ட்மென்டில் யார் வீட்டுக்குப் போனாலும் கண்ணாடி அலமாரியில் என்ன டியூப் இருக்கிறது என்று பார்ப்பேன். லிஃப்ட்டில் யாராவது கையைச் சொறிந்தால் அவர்கள் இறங்குகிற மாடிக்குள் ஒரு பிரசங்கம் முடித்துவிடுவேன். கொஞ்ச நாளில் மாடிப்படியில் நடமாட்டம் அதிகமானது.

அந்த டிசம்பரில் எங்கள் மகளுக்குக் கரப்பான் வந்தது.

அவளுக்குப் பத்து வயது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளை; கோபம் வந்தால் மட்டும் பள்ளிக்கூட வேன் டிரைவரின் இந்தி. சிறு வயதிலிருந்தே வறண்ட தோல். அந்த வருஷம் பனி கூடவும் முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், கழுத்து, மணிக்கட்டு எல்லாம் தடித்துச் சிவந்தது. சொறிவாள். சொறியாதே என்றால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சொறிவாள். காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள் இருக்கும்.

என் மனைவி அவளை அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போன நாளில் நான் காஞ்சன்பாக்கில் இருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் என் குடும்பத்தின் பெரிய முடிவுகள் எல்லாம் எனக்குச் சாயங்காலம்தான் தெரியவரும். வீட்டுக்கு வந்தபோது மேஜை மேல் ஒரு பெரிய மாய்ஸ்சரைசர் பாட்டிலும் பக்கத்தில் ஒரு சின்ன அலுமினிய டியூபும் இருந்தன. டியூபை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தேன். ஸ்டீராய்டு. அது மட்டும்தான், கூட எந்த இலவசமும் இல்லை.

மனைவி விளக்கினாள். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை நீளமாகப் பிதுக்க வேண்டும். அந்த அளவு, இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். தினம் சாயங்காலம் குளித்ததும் அதைப் போட வேண்டும், மாய்ஸ்சரைசரை நாள் முழுக்கப் போடலாம். அடங்கியதும் படிப்படியாகக் குறைக்கலாம். எல்லாவற்றையும் டாக்டரம்மா அவள் விரலிலேயே பிதுக்கிக் காட்டியிருந்தார்.

"என் மூஞ்சி என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல?" என்றேன்.

"அது நீங்க காலுக்குப் போடுறத மூஞ்சிக்குப் போட்டதுக்கு வந்தது. இது புள்ளைய உக்கார வச்சுப் பாத்து எழுதுனது. ரெண்டும் ஒண்ணாங்க?"

அவள் மதுரைக்காரி. வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள். அவளிடம் வாதாடி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. ஆனால் என் பயம் போகவில்லை. மகளின் கழுத்தைப் பார்த்தால், அதன் மேல் என் பழைய முகத்தை ஒட்டவைத்த மாதிரி தெரிந்தது.

எங்கள் வேலையில் டீரேட்டிங் என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாகம் இத்தனை ஆம்பியர் தாங்கும் என்று செய்தவன் எழுதிக் கொடுத்திருப்பான். நாங்கள் அதில் பாதிக்கு மேல் போகவிட மாட்டோம். செய்தவன் பொய் சொல்கிறான் என்று இல்லை. நாளைக்கு வெயிலோ அதிர்வோ என்ன வருமோ என்று ஒரு ஜாக்கிரதை. இருபது வருஷம் இதையே செய்தவனுக்கு எதைப் பார்த்தாலும் குறைத்து ஓட்டத் தோன்றும். என் வீட்டு மின்விசிறி மூன்றைத் தாண்டியது கிடையாது. ஸ்கூட்டரும் அப்படித்தான். பெரிதாக இழப்பு ஒன்றும் இல்லாததால் இது அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் மனைவி காய் வாங்க ரைத்து பஜார் போயிருந்தாள். மகள் டிராயிங் வகுப்பில். டியூபை எடுத்துக் கவிழ்த்து, அடிமடிப்பை நோஸ் பிளையரால் மெல்லப் பிரித்தேன். அலுமினியம் கிழியாமல் பிரிப்பது ஒரு கலை. களிம்பில் கொஞ்சத்தை ஒரு சாம்பார்க் கிண்ணத்தில் எடுத்து, மாய்ஸ்சரைசரைப் பத்துப் பங்கு போல விட்டு, ஐஸ்கிரீம் குச்சியால் கலக்கினேன். இரண்டும் வெள்ளை. மீதிக் களிம்பைத் தினத்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். கலந்ததை டியூபுக்குள் திரும்ப அடைத்து, அடியை மடித்து, அதன் மேல் மடித்து, பிளையரால் நெடுக அழுத்தினேன். கொஞ்ச நேரம் கையில் வைத்து ரசித்ததையும் மறைப்பதற்கில்லை.

பாதியாகக் குறைத்தாலே போதுமே, ஏன் பத்தில் ஒரு பங்கு என்று கேட்கலாம். மகள் ஆயிற்றே என்று கூடுதல் ஜாக்கிரதை.

மனைவி தினமும் சாயங்காலம் தன் விரலில் நுனி முதல் ரேகை வரை பிதுக்கி, ஒரு பொட்டு கூடாமல் குறையாமல், மகளின் மடிப்புகளில் தடவினாள். அவ்வளவு ஒழுங்காக யாரும் மருந்து போட்டு நான் பார்த்ததில்லை. நான் எதிர்ச் சோபாவில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். முதல் வாரம் லேசாக அடங்கின மாதிரி இருந்தது. பார்த்தாயா, இதுவே போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வாரம் திரும்ப ஏறியது. பனி அதிகம் என்றேன். அடுத்த வாரம் மணிக்கட்டில் தோல் வெடித்து நீர் கசிந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் என்றேன். மனைவி அவளை மட்டும் கேன் தண்ணீரில் குளிக்க வைத்தாள்.

டியூப் தீர்ந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மனைவி அடுத்ததை வாங்கி வந்தாள். மறுநாள் காலையில் அதையும் பிரித்தேன். முதல் தடவை செய்தது பயத்தில் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு அப்படி ஒரு காரணமும் என்னிடம் இல்லை. முதலாவதைச் சொல்லாமல் மறைத்தாகிவிட்டது, இரண்டாவது நன்றாக வேலை செய்துவிட்டால் முதலாவது என்ன என்று யாராவது கேட்பார்களே என்றுதான் இருந்திருக்கும். கை பழகியிருந்தது, இந்தத் தடவை மடிப்பு இன்னும் நேர்.

அந்தச் சமயத்தில் மகளின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை. வட்டமாகக் கைகோத்து ஆடுகிற ஆட்டம். ஒரு நாள் சாயங்காலம், இன்றைக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். பக்கத்துப் பெண் அவள் கையைப் பிடிக்க ஒரு கைக்குட்டை கொண்டுவருகிறாளாம். அதைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பாளாம். நான் டீச்சரிடம் பேசுவதாகச் சொன்னேன்.

"பர்வாலேது அப்பா," என்றாள். "கர்ச்சீஃப் க்ளீன்காநே உந்தி."

பரவாயில்லை, கைக்குட்டை சுத்தமாகத்தான் இருக்கிறது. புகாராகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வாரத்திலேயே முழங்கை மடிப்பில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியது, உடம்பும் சுட்டது. மருந்து வேலை செய்யவில்லை, இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், நீங்களும் வாங்க என்றாள் மனைவி. லீவு போட்டேன்.

கிளினிக்கில் மகள் எனக்கும் மனைவிக்கும் நடுவில், கைகள் எதிலும் படாமல் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டு, முகம் நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு மகளின் கையைத் திருப்பிப் பார்த்தார். இந்தியும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவார். அளவு எப்படி என்று கேட்டார். மனைவி விரலைக் காட்டினாள். நடுவில் விட்டுப்போனதா? ஒரு நாள்கூட இல்லை. வேறு ஏதாவது நாட்டு மருந்து, எண்ணெய்? ஒன்றும் இல்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார். மேலே கிருமி தொற்றியிருக்கிறது, அதற்கு ஆன்டிபயாடிக். அது கவலையில்லை. ஆனால் இந்த வலுவுள்ள களிம்பை இவ்வளவு ஒழுங்காகப் போட்டும் அடங்கவில்லை என்றால் இது சாதாரணக் கரப்பான் இல்லை. இன்னும் வலுவான களிம்புக்குப் போக வேண்டும். கூடவே கொஞ்ச நாள் ஸ்டீராய்டு மாத்திரை. அதுவும் கேட்காவிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மட்டுப்படுத்துகிற மருந்து இருக்கிறது, இப்போதே ரத்தம் எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

மகளுக்கு ரத்தம் என்கிற வார்த்தை மட்டும் புரிந்தது. "சூதி நக்கோ," என்றாள். ஊசி வேண்டாம். தெலுங்கும் வேன் டிரைவரும் கலந்து வந்துவிட்டது.

டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலின் மேல் ஒரு விரலளவு படக் கூடாது என்று நான் தடுத்தது, இப்போது மாத்திரையாக அவள் வயிற்றுக்குள் போகப்போகிறது. அதை அங்கே அனுப்புவது நான். என்னிடமிருந்து வந்தது உண்மை இல்லை. அதன் பக்கத்து வீடு. டியூபில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று கேட்டேன்.

பேனா நின்றது. இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. போலி மருந்து நடமாடுகிறது, டியூப் இருந்தால் பார்க்கலாம். மனைவி கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். கொண்டு வந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டரம்மா டியூபை வெளிச்சத்தில் திருப்பினார். அச்சு, தேதி எல்லாம் பார்த்தார். அடிமடிப்பில் கட்டைவிரலை வைத்து நெடுக ஓட்டினார். திரும்ப ஒருமுறை ஓட்டினார். எந்தக் கடை என்று கேட்டார். மனைவி சொன்னாள். இது தொழிற்சாலை மடிப்பே இல்லை, அந்தக் கடைக்காரர் மேல் மருந்து இன்ஸ்பெக்டருக்குப் புகார் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா செல்போனை எடுத்தார்.

எனக்குப் படைக் களிம்பை உரக்கச் சொல்லி விற்ற அதே கடைக்காரர்தான். ஆனாலும் இந்தக் குற்றம் அவருடையது இல்லை.

"கடைக்காரர் மேல தப்பில்ல," என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை, மனைவிக்குப் புரிந்தது. இந்தியில் திரும்பச் சொன்னேன். நான்தான் பிரித்தேன், நான்தான் கலந்தேன், நான்தான் மடித்தேன்.

எதனோடு என்று கேட்டார் டாக்டரம்மா. மாய்ஸ்சரைசர் என்றேன். எவ்வளவு என்றார். சொன்னேன். ஏன் என்றார். டீரேட்டிங் பற்றி ஆரம்பித்தேன். ஆய்வகத்தில் பல பேருக்குப் பாடம் எடுத்த விஷயம் அது. அந்த அறையில் அது ஆம்பியரில் தொடங்கி மின்விசிறிக்கு வந்து அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. மேஜை மேல் கிடந்த டியூபின் அடிப்பக்கத்தையே பார்த்தாள்.

"ரெண்டு டியூபுமா?"

"ரெண்டும்."

மனைவி மகளின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா எழுதியதைக் கிழித்தார். கோபப்படாமல்தான் பேசினார், நிதானமாகப் பேசியதால் ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் கேட்டது. தேவையே இல்லாத முகத்தில் மாதக்கணக்காகப் போட்டுக்கொண்டீர்கள், தேவைப்படுகிற கையில் போட விடவில்லை, இரண்டு தடவையும் என்னைக் கேட்கவில்லை என்றார். பிறகு புதிய தாளில் ஆன்டிபயாடிக்கையும் அதே பழைய களிம்பையும் எழுதினார். மாத்திரை வேண்டாம், ரத்தம் வேண்டாம். களிம்பின் பெயருக்குக் கீழே ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார். வெளியே வந்து படித்தேன். எதனுடனும் கலக்காமல், அம்மா மட்டும் போடவும்.

திரும்பும்போது ஆட்டோவில் மகள், அப்பா என்ன செய்தார் என்று தெலுங்கில் கேட்டாள். அப்பா ஒரு எக்ஸ்பெரிமென்ட் பண்ணினார் என்றாள் மனைவி. சரியாக வந்ததா என்று கேட்டாள் மகள். வரவில்லை என்றாள் மனைவி. எனக்கும் அவளுக்குமான பேச்சு அதற்குப் பிறகு பல நாள் பால், கேஸ், குக்கர் விசில் என்கிற அளவிலேயே இருந்தது. நோஸ் பிளையர் அதன் இடத்தில் இல்லை. நான் தேடவும் இல்லை.

கலக்காத களிம்பு தன் வேலையைச் செய்தது. சில நாளில் கசிவு நின்றது, சிவப்பு இறங்கியது, தலையணை உறை காலையில் வெறும் தலையணை உறையாக இருந்தது. அவள் தோல் மெலிகிறதா, கழுத்து எரிகிறதா என்று நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. டாக்டரம்மா சொன்னபடி மனைவி படிப்படியாகக் குறைத்தாள். ஆண்டு விழாவில் கைகோத்து ஆடினார்கள். பின் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் கைக்குட்டை இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, எந்தக் கைக்குட்டை என்றாள்.

இந்த வருஷமும் பனி தொடங்கியதும் முழங்கை மடிப்பில் லேசாகச் சிவந்தது. டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வந்த மனைவி, சீட்டை என்னிடம் கொடுத்து மருந்து வாங்கி வரச் சொன்னாள். இதை நான் ஒரு பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டேன். நேராகக் கடைக்குப் போய், நேராக வீட்டுக்கு வந்து, அட்டைப் பெட்டி பிரிக்காமல் டியூபை மகளின் கையில் கொடுத்தேன். அவள் பெட்டியைத் திறந்தாள். மூடியைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்க்கவில்லை. டியூபைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் கட்டைவிரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டினாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, எனக்காகவோ என்னவோ, சுத்தமான தமிழில் சொன்னாள்:

"கம்பெனி மடிப்புதாம்மா. போடலாம்."